ஆப்பசோடாவும் புளித்த மோரும்: ஹிஞ்சேவாடிச் சமையலறையில் ஓர் அயர்லாந்து ரொட்டி

புனே மாநகரின் மேற்கு விளிம்பில், முல்ஷி வட்டத்தில் அமைந்துள்ள ஹிஞ்சேவாடி, ஒரு தலைமுறைக்கு முன்னர் வயல்கள் சூழ்ந்த சிற்றூராக இருந்தது. மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் நிறுவிய ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்கா இன்று அங்கே மூன்று கட்டங்களாகப் பரந்து கிடக்கிறது. தமிழகத்தின் பல ஊர்களிலிருந்து பணிக்காக வந்த குடும்பங்களும், தனியே தங்கியிருக்கும் இளைஞர்களும் இப்பகுதியில் வாழ்கின்றனர். பெரும்பாலும் வாடகை வீடு. இரண்டு எரிவாய்களைக் கொண்ட அடுப்பு. ஊரிலிருந்து எடுத்து வந்த தோசைக்கல். குளிர்பதனப் பெட்டியில் எப்போதும் ஒரு கிண்ணம் தயிர்.

இத்தகைய வீடுகளில் ரொட்டியைத் தாமே சுடவேண்டும் என்ற விருப்பம் பெருகி வருவதை நாம் காண்கிறோம். ஆனால் பலரும் எடுத்துவைக்கும் முதல் அடி, மாதத் தவணையில் ஒரு பெரிய ஓவன் வாங்குவதாக இருக்கிறது. அடுத்து ஈஸ்ட், மாவு பிசையும் இயந்திரம், அச்சுத் தட்டுகள் என்று பட்டியல் நீள்கிறது. ஈஸ்ட் ரொட்டி பொறுமையையும் பழக்கத்தையும் கேட்பது. வேலை நாளில் மூன்று மணி நேரம் மாவுக்குக் காவல் இருக்க இயலாதவர் வீட்டில், சில வாரங்களிலேயே அந்த ஓவன் பாத்திரங்களை அடுக்கும் அலமாரியாகிவிடுகிறது. தவணை மட்டும் தொடர்கிறது.

முதலீடு ஏதுமின்றி, ஏற்கெனவே வீட்டில் உள்ள பொருள்களைக் கொண்டே தொடங்கக்கூடிய ரொட்டி ஒன்று உண்டு. அயர்லாந்து நாட்டின் சோடா ரொட்டி அது. மாவு தொட்டு மேசை வரை ஒரு மணி நேரம் போதும். அதன் இயல்பையும் செய்முறையையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

இல்லாமையில் பிறந்த ரொட்டி

மரபான சோடா ரொட்டியில் நான்கே பொருள்கள் உள்ளன: கோதுமை மாவு, உப்பு, சமையல் சோடா, மோர். சர்க்கரை, முட்டை, வெண்ணெய், உலர்திராட்சை ஆகியவை சேர்ந்த வடிவங்களும் இன்று வழக்கில் உள்ளன; அவை பண்டிகைக்கால மாற்றங்கள். அன்றாட ரொட்டிக்கு அவை தேவையில்லை.

இந்த எளிமைக்குக் காரணங்கள் உண்டு. அயர்லாந்தின் ஈரமும் குளிரும் மிகுந்த தட்பவெப்பத்தில் விளைவது மென்மையான கோதுமை. அதில் குளூட்டன் என்னும் பசைத்தன்மையுள்ள புரதம் குறைவு. ஈஸ்ட் மெதுவாக உண்டாக்கும் வாயுவைப் பல மணி நேரம் தாங்கி நிற்க வலுவான குளூட்டன் வலை வேண்டும். மென்கோதுமையால் அது இயலாது. மேலும், சிற்றூர்க் குடியானவர் வீடுகள் பெரும்பாலானவற்றில் ஓவன் இல்லை. பீட் எனப்படும் சதுப்புநிலக் கரி எரியும் திறந்த அடுப்பு மட்டுமே இருந்தது.

மோர் மட்டும் தாராளமாகக் கிடைத்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அயர்லாந்தின் வெண்ணெய் கார்க் நகரத்துச் சந்தை வழியாகக் கடல் கடந்து சென்றது. குடியானவர் வீட்டில் கடைந்தெடுத்த வெண்ணெய் விற்பனைக்குப் போயிற்று. மோர் வீட்டில் தங்கிற்று. தமிழருக்கு இப்பொருளாதாரம் புதிதன்று. மோர் விற்ற வருவாயில் சுற்றத்தை உண்பித்து, நெய் விற்ற வருவாயைக் கால்நடையாக மாற்றிக்கொள்ளும் ஆயர் மகளைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. அன்றாடச் செலவுக்கு ஒன்று, சேமிப்புக்கு ஒன்று என்ற அப்பகுப்பு அயர்லாந்திலும் ஏறத்தாழ அவ்வாறே நிகழ்ந்தது.

குறைவாக இருந்த பொருள் சோடா ஒன்றே. 1791ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு நிக்கொலாஸ் லெப்ளாங், சாதாரண உப்பிலிருந்து சோடாவைத் தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் சோடா உப்புகள் தொழிற்சாலைப் பொருள்களாகி மலிந்தன. 1830களில் சமையல் சோடா அயர்லாந்தின் சமையலறைகளை எட்டியது. 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்கைத் தாக்கிய நோயால் நேர்ந்த கொடும் பஞ்சத்தில் அந்நாட்டில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் நாட்டைவிட்டு வெளியேறினர். உருளைக்கிழங்கு ஒன்றையே நம்பியிருந்த உணவுமுறை அதன்பின் மெல்ல மாறிற்று. சோடா ரொட்டி வீடுதோறும் வேரூன்றியது.

ஓவன் இல்லாத குறையை அவர்கள் இருவழிகளில் தீர்த்தனர். ஒன்று, கனத்த இரும்புப் பானையில் மாவை வைத்து, கீழே தணலும் மூடியின்மேல் தணலும் இட்டுச் சுடுவது. மற்றொன்று, வட அயர்லாந்து மக்கள் இன்றும் விரும்புவது. மாவை வட்டமாகத் தட்டி நான்காக வெட்டித் தட்டையான இரும்புக்கல்லில் இருபுறமும் சுடுவது. இத்துண்டுக்கு 'ஃபார்ல்' என்று பெயர். நான்கில் ஒரு பங்கு என்பது அச்சொல்லின் மூலப்பொருள். நம் தோசைக்கல் இதற்கு அப்படியே பொருந்தும்.

சோடா செய்யும் வேலை

சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட். தமிழகத்தில் இதை ஆப்பசோடா என்கிறோம். இது காரத்தன்மை உடையது. புளித்த மோரில் உள்ள லாக்டிக் அமிலத்துடன் கலந்த கணமே இது வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயுக் குமிழிகளே மாவை உப்பச் செய்கின்றன. ஈஸ்ட் மணிக்கணக்கில் செய்யும் வேலை இங்கே நிமிடங்களில் முடிகிறது.

இதிலிருந்து மூன்று விதிகள் பிறக்கின்றன. இவற்றின் காரணத்தை அறிந்தவர்க்குச் செய்முறைக் குறிப்பே பெரிதும் தேவைப்படாது.

முதலாவது, அமிலமும் காரமும் ஒன்றுக்கொன்று ஈடாக வேண்டும். சோடா மிகுந்தால், அமிலத்துடன் சேராமல் எஞ்சிய பகுதி அடுப்பின் சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறும். ரொட்டி மஞ்சள் பாய்ந்து, சவர்க்காரத்தின் சுவையும் கசப்பும் கொள்ளும். டோக்ளாவில் சில வேளைகளில் சிவப்புப் புள்ளிகள் தோன்றுவதை வாசகர்கள் கண்டிருக்கலாம். நன்கு கலவாமல் ஓரிடத்தில் தேங்கிய சோடா அங்குள்ள மஞ்சள்தூளைச் சிவக்கச் செய்வதே அதற்குக் காரணம். ரொட்டியில் மஞ்சள்தூள் இல்லாமையால் அந்த எச்சரிக்கை கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கே தெரியும். எனவே சோடாவைக் கட்டியின்றிச் சலித்தே சேர்க்கவேண்டும்.

இரண்டாவது, காலம். மோர் பட்டவுடன் வாயு வெளிப்படத் தொடங்குவதால், அடுப்பு முன்னரே சூடாகி இருத்தல் வேண்டும். கலந்த மாவைக் காத்திருக்க வைத்தால் வாயு வீணாகும். ரொட்டி அடைபோல் அழுந்திவிடும்.

மூன்றாவது, பிசையாமை. சப்பாத்தி மாவை எவ்வளவு பிசைகிறோமோ அவ்வளவு குளூட்டன் வலுப்பெறும். சப்பாத்திக்கு அது நன்மை. சோடா ரொட்டிக்கோ தீமை. வலுத்த மாவை இச்சிறு வாயுவால் தூக்க இயலாது. மாவும் மோரும் ஒன்றுசேர்ந்தால் போதும்.

ஹிஞ்சேவாடியில் பொருள்களைத் தேர்ந்தெடுத்தல்

*மாவு.* புனேவின் குடியிருப்புப் பகுதிகளில் 'கிரணி' என்று மராத்தியர் அழைக்கும் மாவு அரைக்கும் கடைகள் இன்றும் உள்ளன. கோதுமையைக் கொடுத்து 'ஜாட்ஸர்' என்று சொன்னால் சற்றுக் கொரகொரப்பாக அரைத்துத் தருவர். அயர்லாந்தின் பழுப்பு ரொட்டிக்குரிய தன்மை இதில் கிட்டும். கல் எந்திரத்தில் அரைபடும் நம் கோதுமை மாவு நீரை மிகுதியாக உறிஞ்சும். ஆகவே முழுவதும் அதையே பயன்படுத்தினால் ரொட்டி கனத்துவிடும். பாதி கோதுமை மாவும் பாதி மைதாவும் கலப்பது தொடக்கநிலையாளருக்கு ஏற்றது. கை பழகியபின் மைதாவின் பங்கைக் குறைத்துக்கொள்ளலாம்.

*மோர்.* மராத்தியில் 'தாக்' எனப்படும் மோர் எங்கும் கிடைக்கும். ஆனால் உறைகளில் விற்கப்படும் மசாலா மோர் இதற்குப் பயன்படாது. அதில் உப்பும் சீரகமும் சேர்ந்திருக்கும், நீர்த்தும் இருக்கும். வீட்டில் தோய்த்த தயிரை ஒருநாள் வெளியே வைத்துப் புளிக்கவிட்டு, மூன்று பங்கு தயிருக்கு ஒரு பங்கு நீர் சேர்த்துக் கடைந்துகொள்வதே நன்று. குளிர்காலத்தில் தயிர் போதிய அளவு புளிக்காது. அப்போது ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

*சோடா.* கடையில் 'காண்யாச்சா சோடா', அதாவது உண்ணும் சோடா, என்று கேட்டு வாங்கவேண்டும். 'துண்யாச்சா சோடா' என்பது துணி துவைக்கும் சோடா, அது உண்ணத்தக்கதன்று. வீட்டிலும் இவ்விரண்டையும் அருகருகே வைத்தலாகாது. பேக்கிங் பவுடர் வேறு பொருள். அதில் சோடாவுடன் அமிலமும் முன்னரே கலந்திருக்கும். அதே அளவில் மாற்றிப் பயன்படுத்தினால் ரொட்டி போதிய அளவு எழாது. நெடுநாள் இருந்த சோடாவைச் சோதிக்க, ஒரு சிட்டிகையின்மேல் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுக. நுரைத்துப் பொங்கினால் வீரியம் உண்டு.

ஓவனில் சுடும் முறை

தேவையானவை: கோதுமை மாவு 225 கிராம், மைதா 225 கிராம், தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு, தலைதட்டிய ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, கெட்டியான புளித்த மோர் 350 முதல் 400 மில்லிலிட்டர். இவ்வளவில் ஏறத்தாழ முக்கால் கிலோ எடையுள்ள ரொட்டி கிடைக்கும்.

1. ஓவனை 230 பாகை செல்சியசில் முழுமையாகச் சூடேற்றுக. அது சூடாகும் வரை மாவில் மோரைச் சேர்க்கலாகாது.

2. மைதா, உப்பு, சோடா மூன்றையும் அகன்ற பாத்திரத்தில் சலித்து, கோதுமை மாவுடன் நன்கு கலக்குக.

3. நடுவில் குழி செய்து மோரின் பெரும்பகுதியை ஒரே முறையில் ஊற்றுக. விரல்களை விறைப்பாக விரித்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக வட்டமாகச் சுழற்றிக் கலக்குக. உலர்ந்த மாவு எஞ்சினால் மீதி மோரைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். மாவு மென்மையாகவும், கையில் சற்றே ஒட்டுவதாகவும் இருத்தல் வேண்டும். இவ்வேலை ஒரு நிமிடத்திற்கு மேல் நீளலாகாது.

4. மாவு தூவிய பலகையில் கவிழ்த்து, மெல்ல உருட்டி, ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் உயரமுள்ள வட்டமாக்கித் தட்டில் வைக்குக.

5. கூரிய கத்தியால் மேற்புறத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஆழமான சிலுவைக் கீறல் இடுக. தேவதைகள் வெளியேற வழி என்றும், ரொட்டிக்கு ஆசி என்றும் அயர்லாந்து மக்கள் இதற்குக் காரணம் கூறுவர். வெப்பம் தடித்த நடுப்பகுதியை எட்டவும், ரொட்டி ஒழுங்காகப் பிளந்து எழவும் இது உதவுகிறது என்பது சமையலறைக் காரணம்.

6. 15 நிமிடம் சுட்டபின் வெப்பத்தை 200 பாகையாகக் குறைத்து, மேலும் 25 முதல் 30 நிமிடம் சுடுக. சிறிய ஓவன்களில் மேற்கம்பி அருகில் இருக்கும். ஆகவே கீழ்த்தட்டில் வைப்பதும், மேற்புறம் விரைந்து கருகினால் அலுமினியத் தாளால் மூடுவதும் நன்று.

7. ரொட்டியைத் திருப்பி அடிப்புறத்தை விரலால் தட்டுக. வெற்றுக் குடத்தைத் தட்டினாற்போல் ஒலித்தால் வெந்துவிட்டது. ஒலி மந்தமாக இருப்பின் மேலும் 5 நிமிடம் வைக்கலாம்.

கம்பித் தட்டில் ஆறவைத்தால் மேலோடு மொறுமொறுப்பாக இருக்கும். துணியில் சுற்றி ஆறவைத்தால் மென்மையாகும். சூடு தணியும் முன் அறுத்தால் உட்புறம் பிசுபிசுப்பாகத் தோன்றும். அரைமணி நேரம் பொறுத்தல் நலம்.

தோசைக்கல்லில் சுடும் முறை

ஓவன் இல்லாத வீட்டினர் மேற்கூறிய அளவில் பாதி எடுத்து, அதே முறையில் கலந்து, 2 சென்டிமீட்டருக்கு மிகாத தடிமனில் வட்டமாகத் தட்டி நான்காக வெட்டவேண்டும். இரும்புத் தோசைக்கல்லைச் சிறுதீயில் காயவைத்து, எண்ணெய் தடவாமல் சிறிது உலர்மாவைத் தூவுக. மாவு மெல்லப் பொன்னிறம் அடைந்தால் சூடு சரி. உடனே கருகினால் தீயைக் குறைத்து, அந்த மாவைத் துடைத்தெடுக்கவேண்டும்.

நான்கு துண்டுகளையும் இடைவெளி விட்டு அடுக்கி, ஒவ்வொரு புறமும் 8 முதல் 10 நிமிடம் சிறுதீயிலேயே சுடுக. தீயை உயர்த்தி நேரத்தைச் சுருக்க முயன்றால், வெளிப்புறம் கருகி உட்புறம் பச்சையாக நிற்கும். இறுதியில் துண்டுகளை நிமிர்த்தி, வெட்டிய ஓரங்களையும் ஓரிரு நிமிடம் கல்லில் காட்டவேண்டும். மராத்தியர் வீடுகளில் சோளம், கம்பு மாவில் சுடும் பாக்கரியைப்போல, இதுவும் அடுப்பிலிருந்து தட்டுக்கு வந்தவுடன் உண்ணும்போதே சிறந்த சுவை தரும். வெண்ணெய், தேங்காய்ச் சட்னி, உள்ளூர்த் தேச்சா ஆகிய எதனுடனும் இணங்கும்.

குறை தோன்றினால்

ரொட்டி கனத்து அழுந்தியிருந்தால், மாவு அதிகம் பிசையப்பட்டிருக்கலாம். கலந்தபின் தாமதம் நேர்ந்திருக்கலாம். அல்லது சோடா வீரியம் இழந்திருக்கலாம். கசப்பும் மஞ்சள் நிறமும் தோன்றினால் சோடா மிகுதி, அல்லது மோரில் புளிப்புக் குறைவு. நடுவில் வேகாமல் இருந்தால் வட்டம் தடித்திருக்கும், அல்லது கீறல் ஆழமாக இராது. மேலோடு கல்போல் இறுகினால் மாவில் ஈரம் போதவில்லை.

இந்த ரொட்டி விரைவில் உலரும். சுட்ட நாளிலும் மறுநாளிலும் உண்டு முடிப்பது நலம். புனேவின் மழைக்காலத்தில் வெளியே வைத்த ரொட்டியில் பூஞ்சை விரைந்து படரும். எஞ்சியதைத் துண்டுகளாக்கி உறைநிலைப் பெட்டியில் வைத்து, வேண்டும்போது தோசைக்கல்லில் வாட்டிக்கொள்ளலாம்.

இரண்டு கணக்குகள்

முதற் கணக்கு உடலுக்குரியது. 5 கிராம் சோடாவில் ஏறத்தாழ 1.4 கிராம் சோடியமும், 5 கிராம் உப்பில் ஏறத்தாழ 2 கிராம் சோடியமும் உள்ளன. முழு ரொட்டியைப் 10 துண்டுகளாக்கி இரண்டை உண்பவர் உட்கொள்வது ஏறத்தாழ 0.7 கிராம். வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 2 கிராமுக்கும் குறைவான சோடியமே கொள்ளவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு இவ்விரு துண்டுகளிலேயே அடங்கிவிடுகிறது. இரத்த அழுத்தம் உள்ளோர் உப்பைப் பாதியாக்கலாம். அவர்கள் உணவில் இந்த ரொட்டியின் இடம் குறித்து மருத்துவரைக் கேட்பது நலம். சோடாவைப் பாதியாக்கினால் ரொட்டி எழாது.

இரண்டாவது கணக்கு வீட்டுக்குரியது. 1500 வாட் ஓவன் ஒரு மணி நேரம் இடைவிடாது இயங்கினாலும் செலவாவது 1.5 யூனிட் மின்சாரம். 100 கிராம் சோடாப் பொட்டலம் 20 ரொட்டிகளுக்குப் போதும். மாவும் தயிரும் வீட்டு விலையில் கிடைப்பவை. இவற்றின் கூட்டுத்தொகையைக் கடை ரொட்டியின் விலையுடன் வாசகர்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஓவனின் விலையையும் அத்துடன் சேர்த்தால் கணக்கு மாறிவிடும் என்பதை நினைவிற் கொள்க. மாதம் இருமுறை மட்டுமே சுடுவோருக்குத் தோசைக்கல்லே சிக்கனம். வாங்கியே தீரவேண்டுமெனில், 1500 வாட் ஓவன் 6 ஆம்பியருக்கும் மேல் மின்னோட்டம் இழுப்பது; 16 ஆம்பியர் இணைப்பு வாடகை வீட்டின் சமையலறையில் உள்ளதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளவேண்டும்.

விற்பனை எண்ணம் உடையோருக்கு

குடியிருப்பில் அண்டை வீட்டார் விரும்பிக் கேட்க, சிலருக்கு இதைத் தொழிலாக்கும் எண்ணம் எழலாம். வீட்டிலிருந்து விற்கும் சிறு உணவுத் தொழிலுக்கும், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்படி பதிவு தேவை. குடியிருப்புச் சங்கத்தின் விதிகளையும், வாடகை வீடாயின் உரிமையாளரின் இசைவையும் முன்னரே அறிந்துகொள்க. கருவிகள் வாங்கக் கடன் தேவைப்படுவோர்க்கு, 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பட்ட பிரதம மந்திரி முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெறும் வாய்ப்பு உண்டு.

ஆயினும் விண்ணப்பம் எழுதும் முன் தோசைக்கல்லில் தொடங்கித் தொடர்ந்து சில வாரங்கள் சுட்டுப் பார்க்குமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வொரு முறையும் மாவு, மோர், சோடா ஆகியவற்றின் அளவையும், செலவான நேரத்தையும், உண்டவர் சொன்ன கருத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. ஒரே தரத்தில் எத்தனை ரொட்டிகளை எத்தனை மணி நேரத்தில் தர இயலும் என்பது அப்போது தெளிவாகும். கடன் எவ்வளவு தேவை, அல்லது தேவையே இல்லையா என்பதையும் அந்தக் குறிப்பேடே சொல்லிவிடும். அதனுடன் கிளைக்கு வருவோருக்கு உரிய ஆலோசனை வழங்குவது எங்களுக்கும் எளிது.